தபால் ஆபீசைப் பிடித்தவர்கள்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில், முன்னாள் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி டப்ளினில் சட்டம் படித்தவர் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ‘அவர் ஏன் லண்டனுக்குப் போகாமல் அங்கே போனார்?’ என்று ஆரம்பித்து, வந்த கடிதங்களில் பாதி அயர்லாந்தைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அயர்லாந்து. சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அயர்லாந்துக்காரர்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எத்தனை முறை கிளர்ந்தார்கள்? மூல காரணம் என்ன?
— ம.சு., ராஜபாளையம்

பெரியவற்றை மட்டும் எண்ணினால் 1641, 1798, 1803, 1848, 1867, 1916. நடுவே நிலக்கிழார்களை எதிர்த்து நடந்த சண்டைகளுக்குக் கணக்கே இல்லை.

மூல காரணம் நிலம். 1609 முதல் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில், உள்ளூர்க் கத்தோலிக்கப் பிரபுக்களின் நிலத்தைப் பறித்து, ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் புராட்டஸ்டன்ட் குடியானவர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். 1649ல் கிராம்வெல் வந்தார். டிராகெடாவிலும் வெக்ஸ்ஃபோர்டிலும் அவர் படை செய்த கொலைகளை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. 1641ல் நாட்டின் நிலத்தில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர் கையில் இருந்தது. 1703ல் மிஞ்சியது ஏழில் ஒரு பங்குதான்.

அதற்கப்புறம் சட்டமே ஆயுதமானது. கத்தோலிக்கன் 5 பவுனுக்கு மேல் விலையுள்ள குதிரை வைத்திருக்கக்கூடாது. அவன் இறந்தால் நிலத்தைப் பிள்ளைகள் எல்லோருக்கும் துண்டு போட வேண்டும்; ஆனால் மூத்தவன் புராட்டஸ்டன்டாக மாறினால் முழுவதும் அவனுக்கே. இப்படி ஒரு சட்டத்தை எழுதியவன் குடும்பச் சண்டைகளை நன்றாக அறிந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படியென்றால் அது கத்தோலிக்கர்–புராட்டஸ்டன்ட் மதச் சண்டைதானே? விடுதலைப் போர் என்று ஏன் பெருமைப்படுத்துகிறீர்கள்?
— ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

நல்ல கேள்வி, தம்பி. ஆனால் தலைவர்களின் பட்டியலை ஒரு முறை பாருங்கள். 1791ல் பெல்ஃபாஸ்டில் ‘ஐக்கிய ஐரிஷ்காரர்கள்’ சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரான உல்ஃப் டோன் புராட்டஸ்டன்ட். அதே ஊரில் 1798ல் தூக்கிலிடப்பட்ட ஹென்றி ஜாய் மக்ராக்கன் பிரஸ்பிடேரியன், அதுவும் புராட்டஸ்டன்டில் ஒரு பிரிவு. 1803ல் கலகம் செய்த ராபர்ட் எம்மெட் புராட்டஸ்டன்ட். பின்னாளில் சுயாட்சி கேட்ட தலைவர் பார்னெல், 1916ல் சண்டையிட்ட கவுண்டஸ் மார்க்கீவிச் இருவரும் பிறப்பால் அப்படியே. பிரெஞ்சுப் புரட்சியின் குடியரசுக் கனவு டோன் காலத்தவர்களைப் பிடித்து ஆட்டியது. கத்தோலிக்கன், புராட்டஸ்டன்ட் என்பதை மறந்து எல்லோரும் ‘ஐரிஷ்காரன்’ என்ற ஒரே பெயரில் நிற்க வேண்டும் என்பது டோனின் ஆசை.

அந்த ஆசை களத்தில் எந்த அளவுக்கு நிறைவேறியது என்று கேட்டால், பதில் கசப்பானது. 1798 ஜூன் 5ஆம் தேதி வெக்ஸ்ஃபோர்ட் பகுதியில், ஸ்கல்லபோக் என்ற இடத்தில், கலகக்காரர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்களை ஒரு களஞ்சியத்தில் அடைத்து எரித்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்ட்கள். பெண்களும் குழந்தைகளும் உண்டு. அரசாங்கப் படைகள் செய்தது இதைவிடப் பல மடங்கு. ஆனால் ‘அவன் அதிகம் செய்தான்’ என்பதால் இது இல்லாமல் போய்விடாது. மேடைப் பாட்டுகளில் ஸ்கல்லபோக் வருவதில்லை. நீங்கள் வரலாறு படிக்கிறவர், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் தோற்றது ஏன்?
— கே.எல்., பண்ருட்டி

காட்டிக்கொடுப்பவன், காற்று, காலதாமதம். மூன்றும் மாறி மாறி வந்தன.

1796 டிசம்பரில் 43 கப்பல்களில் சுமார் 15,000 பிரெஞ்சு வீரர்கள் பான்ட்ரி வளைகுடா நோக்கிக் கிளம்பினார்கள். உல்ஃப் டோன் கப்பலிலேயே இருந்தார். கரை கண்ணுக்கு எதிரே. பிஸ்கட்டை விட்டெறிந்தால் கரையில் விழும் என்கிற தூரம் என்று டைரியில் எழுதி வைத்திருக்கிறார். புயல் விடவில்லை, ஒருவரும் இறங்காமலே திரும்பினார்கள். 1798ல் கலகம் வெடிக்கும் முன்பே, மார்ச் மாதம், ஒரு உளவாளி கொடுத்த துப்பில் டப்ளின் பகுதித் தலைவர்கள் ஒரே வீட்டில் மொத்தமாகப் பிடிபட்டார்கள். ஜூன் 21ல் வினிகர் குன்றில் ஈட்டிகளோடு நின்றவர்களை பீரங்கி சிதறடித்தது. எல்லாம் முடிந்து ஆகஸ்டில், மேற்குக் கரையில் கில்லாலாவில், ஆயிரம் பிரெஞ்சு வீரர்கள் வந்து இறங்கினார்கள்! கல்யாணம் முடிந்து பந்தி எடுத்த பிறகு வந்த சம்பந்தி மாதிரி.

அந்தக் கலகத்தை அடக்கி முடித்த வைஸ்ராய் யார் தெரியுமா? கார்ன்வாலிஸ். 1792ல் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக வாங்கியவர். சென்னைக் கோட்டை மியூசியத்தில் அவருடைய பெரிய சிலை இருக்கிறது. பீடத்தில் அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கியிருப்பார்கள். அடுத்த தடவை போனால் நின்று பாருங்கள். 1801ல் அயர்லாந்தின் நாடாளுமன்றத்தையே கலைத்து லண்டனோடு சேர்த்ததும் அவர் காலத்தில்தான்.

1848 கலகத்தை ஆங்கிலப் பத்திரிகைகள் கேலி செய்தே கொன்றன. டிப்பரரி பகுதியில் பாலிங்கேரி என்ற கிராமம். மக்கார்மக் என்ற விதவையின் வீட்டுக்குள் போலீஸ்காரர்கள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். உள்ளே அந்த அம்மாளின் குழந்தைகள். வெளியே கலகக்காரர்கள். அன்றைக்கே எல்லாம் முடிந்தது. ‘முட்டைக்கோஸ் தோட்டத்துச் சண்டை’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். ஆனால் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு மூவர்ணக் கொடி பிறந்ததும் அதே வருடம், அதே இளைஞர் கூட்டத்திலிருந்துதான். பச்சை பழைய மரபுக்கு, ஆரஞ்சு புராட்டஸ்டன்ட்களுக்கு, நடுவில் வெள்ளை சமாதானத்துக்கு.

சென்னையில் டிரெவல்யான் என்ற கவர்னர் பெயரில் தெரு இருக்கிறது. அவருக்கும் ஐரிஷ் பஞ்சத்துக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே?
— பா.வே., சவுகார்பேட்டை

உண்டு. அதே ஆள்தான். 1845ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு. அப்போது லண்டன் கருவூலத்தில் நிவாரணப் பணத்தின் சாவியைக் கையில் வைத்திருந்த அதிகாரி சார்லஸ் டிரெவல்யான். சந்தையில் அரசாங்கம் தலையிடக்கூடாது, இலவசமாகக் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறியாவார்கள் என்ற கொள்கையில் ஊறியவர். பஞ்சம் கடவுள் சித்தம் என்றே புத்தகமும் எழுதினார். அது வெளிவந்த 1848ல் அவருக்கு சர் பட்டமும் கிடைத்தது.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். பஞ்ச காலத்திலும் அயர்லாந்திலிருந்து தானியம் கப்பலேறியது நிஜம். 1847ல் வெளியிலிருந்து வந்து இறங்கிய மக்காச்சோளம் அதைவிட அதிகம் என்பதும் நிஜம். தானியம் இல்லாமல் சாகவில்லை. வாங்கக் காசில்லாமல் செத்தார்கள். 1847ல் ஒரு விதி வந்தது: கால் ஏக்கருக்கு மேல் குத்தகை நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமா, நிலத்தை விடு. நிலத்தை விட்டவன் வீட்டின் கூரையை அடுத்த நாளே பிரித்துப் போட ஆள் தயாராக இருந்தான். சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். 1841ல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1851ல் 65 லட்சம்.

டிரெவல்யான் 1859ல் சென்னைக்கு கவர்னராக வந்தார். இங்கே அவருக்கு நல்ல பெயர்! பீப்பிள்ஸ் பார்க்கை உருவாக்கினார். புது வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்தார். அதற்காகவே மறு வருடம் திரும்ப அழைக்கப்பட்டார். மனிதர்கள் இப்படித்தான், ஒரே நிறத்தில் இருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் சந்தைக் கொள்கை 1876ல் தாது வருஷப் பஞ்சத்தில் நம் ஜில்லாக்களில் என்ன செய்தது என்பதை நினைத்தால், தெருப்பெயரை அவ்வளவு நிம்மதியாக வாசிக்க முடியவில்லை.

அப்புறம் முக்கியமான விஷயம்: அன்று கப்பலேறியவர்களின் பிள்ளைகள்தான் அமெரிக்காவிலிருந்து பின்னாளில் கலகங்களுக்குப் பணம் அனுப்பினார்கள்.

1916 ஈஸ்டர் கலகத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுங்களேன்.
— ஓய்வுபெற்ற தபால்காரர், மன்னார்குடி

உங்களுக்கு ஏன் ஆர்வம் என்று புரிகிறது. உலகத்தில் ஒரு தபால் ஆபீஸைத் தலைமையகமாகக் கொண்டு குடியரசு பிரகடனம் செய்தது வேறு எங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

முதலில் பின்னணி. அயர்லாந்துக்கு உள்நாட்டுச் சுயாட்சி கொடுக்கும் ‘ஹோம் ரூல்’ சட்டம் 1914ல் நிறைவேறியது. முதல் உலகப் போர் முடியட்டும் என்று உடனே கிடப்பில் போட்டார்கள். வடக்கே புராட்டஸ்டன்ட்கள் அதை எதிர்த்து ஏற்கெனவே துப்பாக்கி சேர்த்திருந்தார்கள். தெற்கேயும் சேர்த்தார்கள். சுமார் 2 லட்சம் ஐரிஷ்காரர்கள் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து போருக்குப் போனார்கள். மிஞ்சியவர்களில் ஒரு சிறு ரகசியக் குழு, இங்கிலாந்துக்குக் கஷ்டமான நேரம் நமக்கு நல்ல நேரம் என்று முடிவெடுத்தது.

ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஜெர்மனியிலிருந்து 20,000 துப்பாக்கிகளோடு வந்த கப்பல் பிடிபட்டது. மாலுமிகளே அதை மூழ்கடித்தார்கள். ஜெர்மனியில் உதவி தேடிவிட்டு, அதே நாள் நீர்மூழ்கியில் வந்து கரையிறங்கிய ரோஜர் கேஸ்மென்ட்டும் கைதானார். தொண்டர் படைத் தலைவர் மக்நீல், கலகத்துக்குத் திரையாக ஞாயிறு நடக்கவிருந்த அணிவகுப்பு ரத்து என்று பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டார். அத்தனைக்கும் பிறகு, திங்கட்கிழமை கிளம்பினார்கள்.

என்னை அதிகம் கவர்வது ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான். காரணம் சுயநலம்: நான் ஈய எழுத்து கோத்த காலத்து அச்சகத்தில் தொழில் கற்றவன். டப்ளினில் லிபர்ட்டி ஹால் என்ற தொழிற்சங்கக் கட்டடத்தில் ஒரு பழைய வார்ஃப்டேல் அச்சு இயந்திரம். மூன்று பேர் உட்கார்ந்து குடியரசுப் பிரகடனத்தைக் கோக்கிறார்கள். எழுத்து பற்றவில்லை, இன்னொரு அச்சகத்தில் இரவல் வாங்குகிறார்கள். அப்போதும் பற்றவில்லை. மேல் பாதியைக் கோத்து அச்சடித்து, அதே எழுத்துகளைப் பிரித்துப் போட்டு, கீழ்ப் பாதியைக் கோத்து, அதே தாள்களில் மறுபடி ஓட்டினார்கள். ‘ஈ’ எழுத்து தீர்ந்துபோய் வேறு முகத்து எழுத்துகளைக் கலந்தார்கள். ஒரு பெரிய ‘எஃப்’பின் அடியில் அரக்கை ஒட்டி அதை ‘ஈ’ ஆக்கினார்கள். அச்சுக் கோப்பவனுக்குத்தான் தெரியும், அந்த அரக்கு உருளையின் அழுத்தத்தில் எப்போது பெயர்ந்து வரும் என்று வயிறு கலங்கியிருக்கும். சுமார் ஆயிரம் பிரதி ஓட்டினார்கள். இன்று ஒரிஜினல் பிரதி ஏலத்துக்கு வந்தால், அந்தப் பிசகிய எழுத்துகளைப் பார்த்துத்தான் அசலா போலியா என்று நிபுணர்கள் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 24, திங்கள் மதியம். தபால் ஆபீஸ் வாசலில் நின்று பேட்ரிக் பியர்ஸ் அதை வாசித்தார். கேட்டவர்கள் கொஞ்சம் பேர். கைதட்டல் பெரிதாக இல்லை. ‘ஐரிஷ் ஆண்களே, பெண்களே’ என்று அது தொடங்குகிறது. பெண்களுக்கு ஓட்டுரிமை இல்லாத காலம். கையெழுத்திட்டவர்கள் ஏழு பேர். சண்டை ஆறு நாள் நடந்தது. பீரங்கியால் நகரின் நடுப்பகுதி எரிந்தது. சனிக்கிழமை எலிசபெத் ஓ’ஃபாரல் என்ற நர்ஸ் வெள்ளைக்கொடியோடு நடந்துபோய் சரணடையும் செய்தியைச் சொன்னார். ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவானவர்கள் செத்தார்கள். பாதிக்கு மேல் ஒன்றிலும் சம்பந்தப்படாத பொதுமக்கள், குழந்தைகள் உட்பட.

அந்தக் கலகத்தில் சிரிப்பு வரும்படி ஏதாவது நடந்ததா?
— ரா.ஜெ., அம்பாசமுத்திரம்

ஸ்டீஃபன்ஸ் கிரீன் பூங்காவில் கலகக்காரர்கள் பதுங்குகுழி தோண்டியிருந்தார்கள். சுற்றிலும் கட்டடங்களில் பிரிட்டிஷ் துப்பாக்கிகள். பூங்காக் காவலர் வாத்துகளுக்கு இரை போட வரும்போது இரு தரப்பும் சுடுவதை நிறுத்தின. தினமும். அந்தப் பக்கம் ஏழைப் பிள்ளைகள் பொம்மைக்கடையை உடைத்து எடுத்த வாணவெடிகளை நடுத்தெருவில் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஜனங்கள் ஆதரிக்காத கலகம் எப்படி விடுதலைக்கு வழிவகுத்தது?
— எஸ்.வி., தர்மபுரி

பிரிட்டிஷ் தளபதி மேக்ஸ்வெல்லின் உபயம். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. சரணடைந்தவர்களை அழைத்துச் சென்றபோது டப்ளின் பெண்கள் பலர் தெருவில் நின்று திட்டினார்கள். அவர்களின் கணவன்மார் பிரான்சில் பிரிட்டிஷ் சீருடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கைதிகளைச் சிறையில் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

ராணுவ நீதிமன்றம், மூடிய கதவு. மே 3ஆம் தேதி மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 4ஆம் தேதி நான்கு. 5ஆம் தேதி ஒருவர். 8ஆம் தேதி நான்கு. 9ஆம் தேதி கார்க்கில் ஒருவர். 12ஆம் தேதி இருவர். ஒரே நாளில் சுட்டிருந்தால்கூட இவ்வளவு விளைவு இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. தினமும் காலையில் ஜனங்கள் ‘இன்றைக்கு யார்?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஜோசஃப் பிளங்கெட் சாவதற்குச் சில மணி நேரம் முன்பு சிறைக் கோயிலில் கிரேஸ் கிஃபர்டைத் திருமணம் செய்துகொண்டார். பியர்ஸின் தம்பி வில்லி, அண்ணனுக்குத் தம்பி என்பதைத் தவிரப் பெரிய பொறுப்பு எதிலும் இல்லாதவர், அவரையும் சுட்டார்கள். கணுக்காலில் குண்டடிபட்டு நிற்க முடியாத ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். கலகத்தை எதிர்த்த ஐரிஷ் எம்.பி. ஜான் டில்லனே லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்து, எங்கள் வாழ்நாள் உழைப்பை ரத்தக்கடலில் கழுவித் தள்ளுகிறீர்கள் என்று கத்தினார். யாரும் கேட்கவில்லை.

1918 தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73, முழு விடுதலை கேட்ட சின் ஃபெயின் கட்சிக்கு. டில்லனும் தோற்றுப்போனார்.

கிரிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? வேறு இந்தியத் தொடர்புகள்?
— பலர்

கிரி 1913 முதல் டப்ளினில் படித்தார். சுட்டுக் கொல்லப்பட்ட ஏழு கையெழுத்தாளர்களில் ஒருவரான தாமஸ் மக்டொனா அவர் படித்த பல்கலைக்கழகத்தில் ஆங்கில ஆசிரியர். கலகத்துக்குப் பின் சந்தேகப் பட்டியலில் விழுந்து, 1916 ஜூனில் கிரி நாட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. திரும்பி வந்து தொழிற்சங்கத் தலைவரானார்.

மார்கரெட் கசின்ஸ் பெயரை அதிகம் பேர் நினைப்பதில்லை. 1908ல் டப்ளினில் ஹானா ஷீஹி-ஸ்கெஃபிங்டனோடு சேர்ந்து பெண்கள் ஓட்டுரிமைச் சங்கம் தொடங்கியவர். ஹானாவின் கணவர் ஃபிரான்சிஸ் அகிம்சைவாதி. ஈஸ்டர் வாரத்தில் கடைகளைக் கொள்ளையடிப்பதைத் தடுக்கப் போனவரை ஒரு ராணுவ அதிகாரி விசாரணையின்றிச் சுடவைத்தான். மார்கரெட் அதற்கு முந்தைய வருடமே மதனப்பள்ளிக்கு வந்துவிட்டார். அடையாறில் 1917ல் இந்தியப் பெண்கள் சங்கம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு. லண்டன் ஹாலோவே, அயர்லாந்தின் டுல்லமோர், கடைசியில் நம் வேலூர் என்று மூன்று நாட்டுச் சிறைகளையும் பார்த்தவர்.

மறுபக்கமும் உண்டு. ஜாலியன்வாலா பாக் படுகொலையை நியாயப்படுத்திய பஞ்சாப் கவர்னர் மைக்கேல் ஓ’ட்வையர் டிப்பரரிக்காரர். சுட உத்தரவிட்ட டயர் பள்ளிப்படிப்பில் ஒரு பகுதியை கார்க் பக்கத்தில் படித்தவர். அடுத்த வருடம் 1920ல், ஜலந்தரிலிருந்த ஐரிஷ் படையினர், எங்கள் ஊரில் ராணுவம் அட்டூழியம் செய்யும்போது நாங்கள் ஏன் வேலை செய்ய வேண்டும் என்று துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். ஜேம்ஸ் டாலி என்ற இளைஞரை டக்ஷாயில் சுட்டுக் கொன்றார்கள். 1930ல் சூரியா சென் சிட்டகாங்கில் ஆயுதக் கிடங்கைத் தாக்கியது புனித வெள்ளியன்று. படையின் பெயர் இந்தியக் குடியரசு ராணுவம். ஐரிஷ் குடியரசு ராணுவத்தின் பெயரைப் பார்த்து எடுத்தது என்று சொல்லத் தேவையில்லை.

1916 நடக்காமலே அயர்லாந்து விடுதலை அடைந்திருக்கும் என்று ஒரு கட்சி உண்டாமே?
— வழக்கறிஞர், நாகர்கோவில்

உண்டு. அந்நாட்டு முன்னாள் பிரதமர் ஜான் புருட்டனே அப்படிச் சொன்னார். ஹோம் ரூல் சட்டம் கையில் இருந்ததே என்பது வாதம். எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சட்டத்தில் ராணுவமும் வெளியுறவும் லண்டனிடமே இருந்தன. வடக்குப் பிரச்சினையை அதுவும் தீர்த்திருக்காது.

ஆனால் அவர்கள் பக்கம் ஒரு வலுவான புள்ளி இருக்கிறது. செத்தவர்களின் பெயரால் பேசும் உரிமை யாருக்கு என்ற சண்டையை 1916 விட்டுப்போனது. 1921 டிசம்பர் ஒப்பந்தம் 26 மாவட்டங்களுக்குத் தன்னாட்சி தந்தது. வடக்கே 6 மாவட்டங்கள் பிரிட்டனோடு. டப்ளின் சபையில் 64க்கு 57 என்று நிறைவேறியது. தோழர்களே இரண்டாகப் பிரிந்து சுட்டுக்கொண்டார்கள். புது அரசாங்கம் 77 பேருக்கு மரண தண்டனை கொடுத்தது. மேக்ஸ்வெல் சுட்டது 15. புது அரசாங்கம் சுட்ட அந்த 77 பேரில் ஒருவர் எர்ஸ்கின் சில்டர்ஸ். 1914ல் தன் பாய்மரப் படகில் துப்பாக்கி கொண்டுவந்து கொடுத்தவர்! சுட வந்த வீரர்களோடு கைகுலுக்கினார். அதற்கு முன், உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களைத் தேடிப்போய்க் கைகொடுக்க வேண்டும் என்று 16 வயது மகனிடம் வாக்கு வாங்கியிருந்தார். அந்த மகன் 1973ல் அயர்லாந்தின் குடியரசுத் தலைவரானார். அந்த உள்நாட்டுப் போரின் இரு தரப்பிலிருந்து முளைத்த இரண்டு கட்சிகள் ஒரே கூட்டணி ஆட்சியில் உட்கார 2020 ஆயிற்று.

வடக்கே 1960களின் இறுதியில் மறுபடி பற்றிய தீயில் சுமார் 3,500 பேர் போனார்கள். 1998 புனித வெள்ளி ஒப்பந்தம்தான் அதை நிறுத்தியது. அதில் ஒரு ஷரத்து: வடக்கின் பெரும்பான்மை விரும்பினால் இரண்டும் சேரலாம், விரும்பும்வரை இப்படியே. கலகம் ஏதுமில்லாமல், ஓட்டுப்பெட்டி வழியாக. அந்த ஓட்டெடுப்பு இன்னும் நடக்கவில்லை. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பேச்சு மட்டும் அதிகமாகியிருக்கிறது.